மருந்துக்கு மசியாத கிருமி

மழைக்காலம் பிறந்தால் எந்த ஊர் மெடிக்கல் ஷாப் வாசலிலும் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணே, ரெண்டு நாளா ஜுரம். தொண்டை வேற வலிக்குது. ஏதாவது மாத்திரை குடுங்க." கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "சாதா மாத்திரை போதுமா, ஆன்டிபயாட்டிக் சேத்துத் தரவா?" "சேத்தே குடுங்க, நாளைக்கு வேலைக்குப் போயாகணும்." கத்தரிக்கோல் வரும். அட்டையிலிருந்து மூன்று மாத்திரையை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் காலை, இரவு என்று இரண்டு கோடு இழுத்துக் கொடுப்பார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அட்டையின் மிச்சத் துண்டோடு கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. வாங்கியவர் கையில் இருப்பது பெயர் தெரியாத மூன்று மாத்திரை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் போனால் ஃபீஸ், காத்திருப்பு, ரத்தப் பரிசோதனை, அன்றைய கூலியும் போய்விடும். கடையில் பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. ஆனால் அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, யாரைக் கொல்கிறது, யாரை விட்டுவைக்கிறது என்பதை அவருக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். சளியும் அதோடு வரும் மூக்கொழுகலும் இருமலும், இன்ஃப்ளூயன்சா, டெங்கு, சிக்குன்குனியா எல்லாம் வைரஸால் வருபவை. தொண்டை வலியிலும் பெரும்பங்கு வைரஸ்தான். டைபாய்டு, காசநோய், சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவை, நிமோனியாவில் ஒரு பகுதி, சீழ் வைத்த புண் ஆகியவை பாக்டீரியாவின் வேலை. ஆன்டிபயாட்டிக் கொல்வது பாக்டீரியாவை மட்டுமே. பாக்டீரியா தன்னளவில் ஒரு முழு உயிர். அதற்குச் சொந்தமாகச் செல்சுவர் உண்டு, புரதம் செய்யும் அமைப்பு உண்டு. பென்சிலினும் அமாக்சிசிலினும் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. சுவர் பலமிழந்து கிருமி வெடித்துச் சாகிறது. அசித்ரோமைசின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் டி.என்.ஏ.வை நகலெடுக்க விடுவதில்லை. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்த உற்பத்தி அமைப்பும் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து நம்முடையதை வைத்தே பிழைக்கிறது. அங்கே ஆன்டிபயாட்டிக்குக்குத் தாக்குவதற்கு ஒன்றுமே இல்லை.

பிறகு ஏன் "அந்த மாத்திரை போட்டதும் ஜுரம் விட்டுடுச்சு" என்கிறார்கள்? சாதாரண வைரஸ் ஜுரம் பெரும்பாலும் சில நாளில் தானே இறங்கிவிடும். இரண்டாம் நாள் மாத்திரை வாங்கினால் நான்காம் நாள் உடம்பு தேறுகிறது. பேர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அடுத்த தடவை அதே மாத்திரையைப் பேர் சொல்லிக் கேட்கிறோம். சளி மஞ்சளாக, பச்சையாக மாறினால் ஆன்டிபயாட்டிக் எடுத்தே ஆகவேண்டும் என்பதும் இப்படி ஊன்றிப்போன நம்பிக்கைதான். அந்த நிறம் கிருமியோடு போரிட்ட நம் வெள்ளையணுக்களிலிருந்து வருவது. வைரஸ் சளியும் பச்சையாகும். இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. டெங்குவில் ஜுரம் இறங்குகிற நேரம்தான் கவனமாக இருக்கவேண்டிய நேரம். ஜுரம் விட்டது, மாத்திரை கேட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்து, கடும் வயிற்றுவலியையும் ரத்தக் கசிவையும் கவனிக்காமல் விட்டு, உயிருக்குப் போராடும் நிலையில் வந்து சேர்பவர்கள் உண்டு.

சரி, தேவையில்லாமல் போட்டாலும் கெடுதல் இல்லையே, போட்டுவைப்போம் என்று தோன்றலாம். கெடுதல் உண்டு. நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியா வாழ்கின்றன. பெரும்பாலானவை நமக்கு வேண்டியவை. சளிக்குப் போட்ட மாத்திரை சளியின் வைரஸைத் தொடுவதில்லை, குடலில் இருக்கிற பாக்டீரியாவை அழிக்கிறது. அழியாமல் எஞ்சுவது எது? அந்த மருந்துக்கு ஏற்கனவே மசியாதது. காலியான இடத்தில் அது பெருகுகிறது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வசதியான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காலை 8 மணிக்கு ஒன்றாக இருந்தது அதே வேகத்தில் பெருகினால் மாலை 4 மணிக்கு 1 கோடியே 67 லட்சம். ஆறு மாதம் கழித்து அதே கிருமி சிறுநீர்ப்பைக்குள் போய்த் தொற்றாக வெளிப்படும்போது, முதலில் எழுதும் மருந்து கேட்பதில்லை.

மருந்துக்கு மசியாமை எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. 2016இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் நான்கடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு பெரிய தட்டு செய்தார்கள். அதில் கிருமி வளர்வதற்கான ஊட்டக்கூழைக் கறுப்பு நிறம் கலந்து ஊற்றினார்கள். இரு ஓரங்களிலும் மருந்தே இல்லை. உள்ளே போகப் போகப் பட்டை பட்டையாக மருந்தின் அளவு கூடும். முதல் பட்டையில் கிருமியைக் கொல்லச் சற்றே கூடுதலான அளவு. அடுத்ததில் அதைப்போல் 10 மடங்கு, பிறகு 100, நட்டநடுவில் 1000 மடங்கு. ஓரத்தில் ஈ.கோலையைத் தடவிவிட்டு மேலே கேமரா வைத்தார்கள். கறுப்புப் பரப்பில் கிருமி வெள்ளையாகப் பரவுகிறது. முதல் எல்லைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. பிறகு ஓரிடத்திலிருந்து மட்டும் ஒரு வெள்ளைத் தெறிப்பு எல்லை தாண்டி விசிறிபோல் விரிகிறது. நகலெடுக்கும்போது தற்செயலாக நேர்ந்த பிழையால் அந்த ஒன்றுக்கு மருந்தைத் தாங்கும் தன்மை வந்திருக்கிறது. அதன் சந்ததி அடுத்த எல்லையில் நிற்கிறது, அங்கும் ஒன்று தப்புகிறது. ஏறக்குறைய 11 நாளில் நடுப்பட்டையும் வெள்ளையாகிவிட்டது. மருந்து கிருமிக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. தாங்கக்கூடியதை மட்டும் விட்டுவைத்து, போட்டி இல்லாமல் பெருக வழிசெய்கிறது. அரைகுறை அளவில் மருந்து கிடைக்கும் இடங்கள்தான் அதற்கு வசதியான படிக்கட்டு.

தாங்கும் வழிகள் பல. சில பாக்டீரியா மருந்தையே வெட்டிப்போடும் நொதியைச் சுரக்கும். சில, உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியேற்றும். சில, மருந்து வந்து ஒட்டும் இடத்தின் உருவத்தை மாற்றிக்கொள்ளும். இதைவிடக் கவலைக்குரியது, இந்த வித்தையை அவை தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது. பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் மசியாமைக்கான மரபணுவை வைத்து, சமையல் குறிப்பைப் பக்கத்து வீட்டுக்கு எழுதிக் கொடுப்பதுபோல், வேற்றினப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும். வாங்கிய கிருமி அந்த மருந்தை வாழ்நாளில் பார்த்திருக்கவே வேண்டாம்.

இது நேற்று வந்த செய்தி இல்லை. பென்சிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1940இல், ஆக்ஸ்ஃபோர்டில் எர்ன்ஸ்ட் செயினும் எட்வர்டு ஆபிரகாமும் அதைச் சிதைக்கும் நொதி பாக்டீரியாவில் இருப்பதைக் கண்டு எழுதிவிட்டார்கள். 1928இல் பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கிக் குறைந்த அளவில் உண்டு கிருமியைப் பழக்கிவிடும் காலம் வரலாம் என்று எச்சரித்தார்.

அவர் எச்சரித்த ஆபத்து நம் ஊர்ப் பெயரோடும் சேர்ந்துகொண்டது. 2008இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமி, கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருந்த கார்பபெனம் வகை மருந்துகளுக்கும் மசியவில்லை. அவர் அதற்குமுன் டெல்லியில் சிகிச்சை பெற்றிருந்தார். அந்தக் கிருமி சுரந்த நொதிக்கு 'நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்-1', சுருக்கமாக என்.டி.எம்.-1 என்று பெயரிட்டார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு 'லான்செட்' குழும இதழில் வந்தது. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்த நொதிக்கான மரபணு. பெயரில் டெல்லி வந்ததற்காகப் பெரிய சர்ச்சை எழுந்தது. பெயரைப் பற்றிய கோபத்தில் பாதியாவது அடுத்த ஆண்டு வந்த செய்திக்குக் கிடைத்திருக்கலாம். டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51இலும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் 2இலும் அதே மரபணு இருந்தது. மருத்துவமனைக்குள் இருப்பதாக நினைத்த ஒன்று, குடிநீரில்.

2022இல் வெளியான உலகளாவிய கணக்கு, 2019 ஒரே ஆண்டில் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவே நேர்க் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்கிறது. இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 3 லட்சம். சிசேரியன், புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரக மாற்று, குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பு எல்லாமே ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்ற நம்பிக்கையின்மேல் நடப்பவை. அந்த நம்பிக்கை முதலில் ஆட்டம் காண்பது தீவிர சிகிச்சைப் பிரிவில்.

இதெல்லாம் ஒரே நோயில் எப்படி நடந்தது என்று பார்த்தால் விளங்கும். டைபாய்டை எடுத்துக்கொள்கிறேன், நம் வீடுகளுக்குத் தெரிந்த நோய் என்பதால். சால்மொனெல்லா டைஃபி என்ற கிருமிக்கு மனிதர் மட்டுமே இருப்பிடம். ஒருவர் மலத்திலிருந்து தண்ணீர் வழியாகவோ உணவு வழியாகவோ இன்னொருவர் வாய்க்குப் போயே ஆகவேண்டும். வேறு வழி அதற்குக் கிடையாது. மருந்து இல்லாத காலத்தில் வந்தவர்களில் பத்தில் ஒருவராவது இறந்தார்கள். 1948இல் குளோராம்ஃபெனிகால் வந்தது, சாவு சட்டென்று குறைந்தது. 1972இல் மெக்சிகோவிலும் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அதற்கு மசியாத டைபாய்டு பரவியது. எண்பதுகளின் இறுதியில் குளோராம்ஃபெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றுமே கேட்காத வகை ஆசியாவெங்கும் பரவியது. அடுத்து சிப்ரோஃப்ளாக்சசினைக் கையிலெடுத்தார்கள். தொண்ணூறுகளிலேயே அதன் வீரியம் குறையத் தொடங்கியது, இன்று இந்தியாவில் டைபாய்டுக்குச் சிப்ரோவை நம்பமுடியாது. இப்போது கையில் இருப்பவை செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் அசித்ரோமைசின் மாத்திரையும். அதாவது, மெடிக்கல் ஷாப்பில் சளிக்கு வெட்டிக் கொடுக்கிற அதே அசித்ரோமைசின்.

2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் செஃப்ட்ரையாக்சோனும் கேட்காத டைபாய்டு கிளம்பியது. குடலில் வாழும் வேறு பாக்டீரியாவிடமிருந்து ஒரு பிளாஸ்மிடை அது வாங்கியிருந்தது. எஞ்சியவை அசித்ரோமைசினும், விலை கூடிய கார்பபெனம் ஊசிகளும். அந்த நிலையில் பாகிஸ்தான் எடுத்த முடிவு முக்கியமானது. புது மருந்துக்குக் காத்திராமல், 2019 நவம்பரில் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியைத் தன் தேசிய அட்டவணையில் சேர்த்தது. உலகில் முதலில் சேர்த்த நாடு அதுதான். சிந்துவின் நகரங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான குழந்தைகளுக்கு முகாம் நடத்திப் போட்டார்கள். அந்தத் தடுப்பூசி தயாரானது நம் ஹைதராபாத்தில், பாரத் பயோடெக் நிறுவனத்தில். தடுப்பூசிக்கு மருந்து கேட்கும் கிருமி, கேட்காத கிருமி என்ற வேறுபாடு இல்லை. இரண்டையும் தடுக்கும். வராத நோய்க்கு மாத்திரை வேண்டியதில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது.

டைபாய்டில் இன்னொரு சேதி உண்டு, அது நல்ல சேதி. எல்லாரும் சிப்ரோவுக்கும் செஃப்ட்ரையாக்சோனுக்கும் மாறிக் குளோராம்ஃபெனிகாலையும் கோட்ரைமாக்சசோலையும் ஓரங்கட்டியதில், இந்தியாவில் இன்று கிடைக்கும் டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவை அந்தப் பழைய மருந்துகளுக்கு மறுபடி மசிகின்றன. எல்லாக் கிருமியிலும் இப்படி நடக்கும் என்று சொல்லமுடியாது. ஆனாலும் மருந்தைத் தொடாமல் விட்டால் அது சில நேரம் திரும்பிவரும் என்பதற்கு இது சாட்சி.

டைபாய்டு என்றாலே வைடல் டெஸ்ட் என்று நம் ஊரில் ஆகிவிட்டது. இரண்டு நாள் ஜுரத்தில் வைடல் எடுத்து, 'பாசிட்டிவ்' என்று தாள் வந்து, அன்றே ஊசி தொடங்கிவிடுகிறது. 1896இல் வந்த அந்தச் சோதனை கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமிக்கு எதிராக நம் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிறது. எப்போதோ வந்துபோன டைபாய்டும், வேறு தொற்றும்கூட அதைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். நோய் உண்மையாக இருக்கிற முதல் வாரத்தில் நெகட்டிவ் காட்டுவதும் உண்டு. நம்பத் தகுந்தது பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதுவும் ஆன்டிபயாட்டிக் முதல் வேளை போடுவதற்கு முன் எடுத்தால்தான் பலன். கடையில் வாங்கிய மூன்று மாத்திரையை முழுங்கிவிட்டு நான்காம் நாள் டாக்டரிடம் போனால், சாகாத கிருமி உள்ளே இருந்தும் கல்ச்சரில் வளராமல் போகலாம். டாக்டருக்குக் கண்ணைக் கட்டிவிட்டதாக அர்த்தம்.

கல்ச்சர் ரிப்போர்ட் எப்படி வருகிறது என்பது தெரிந்திருந்தால் அந்தத் தாளை மதிப்போம். ஒரு உள்ளங்கை அகலத் தட்டில் வைக்கோல் நிறக் கூழ். நோயாளியிடமிருந்து வளர்த்தெடுத்த கிருமியைப் பஞ்சுக் குச்சியால் அதன்மேல் இடைவெளியின்றிப் பூசுகிறார்கள். அதன்மேல் 6 மில்லிமீட்டர் அகலக் காகித வில்லைகளை இடுக்கியால் எடுத்து வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும், மேலே அதன் சுருக்கெழுத்து. தட்டை ஓரிரவு உடல் சூட்டில் வைத்து மறுநாள் எடுத்தால், தட்டு முழுக்கக் கிருமி மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கும். சில வில்லைகளைச் சுற்றி மட்டும் படலமில்லாத தெளிந்த வட்டம். அந்த மருந்து கேட்கும். சில வில்லைகளின் விளிம்புவரை கிருமி வந்து ஒட்டியிருக்கும். அது கேட்காது. வட்டத்தின் அகலத்தை அளந்து 'சென்சிட்டிவ்', 'ரெசிஸ்டன்ட்' என்று எழுதுகிறார்கள். இரண்டு மூன்று நாளாகும், அவ்வளவுதான். இதைத் தாலுகா மருத்துவமனை வரை எளிதாகக் கிடைக்கச் செய்வது, பத்துப் புது மருந்தைக் கண்டுபிடிப்பதற்குச் சமமான வேலை என்பேன்.

மசியாத கிருமியே எஞ்சிப் பெருகும் என்ற பாடத்தைக் காசநோயில் உலகம் முன்பே படித்தது. நாற்பதுகளில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது நோயாளிகள் சில மாதம் தேறி, பிறகு மருந்து கேட்காமல் மறுபடி விழுந்தார்கள். நுரையீரல் குழியில் பத்துக்கோடிக் கிருமி இருந்தால், எந்த ஒரு மருந்துக்கும் மசியாத சில அதில் இருந்தே தீரும். நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நான்குக்கும் மசியாத ஒன்று இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லுமளவு குறைவு. ஆறு மாதக் கூட்டு மருந்தின் கணக்கு இதுதான். சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய மையம், இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஏழைகளின் நெரிசலான வீட்டிலேயே மருந்தை ஒழுங்காகக் கொடுத்தாலும் சானடோரியத்துக்குச் சமமாகக் குணமாகிறது, வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று 1959இல் நிறுவியது. உலகமே அதைப் பின்பற்றிச் சானடோரியங்களை மூடியது. அதே நிறுவனத்தினரும் பங்கெடுத்து ஜார்க்கண்டில் நடந்த இன்னோர் ஆய்வு 2023இல் வந்தது. நோயாளியின் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. பருப்பும் தொற்றுத் தடுப்புதான்.

பண்ணையையும் ஆலையையும் பற்றி ஓரிரு வரி சொல்லாமல் விடமுடியாது. நோயில்லாத கோழிக்கும் வேகமாக எடை கூடத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பது உலகெங்கும் இருந்த வழக்கம். மனிதருக்குக் கடைசி ஆயுதமான கோலிஸ்டினும் கோழித் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் மத்திய அரசு அதைத் தடைசெய்தது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், மருந்து உண்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகச் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வந்த ஆய்வு காட்டியது. ஹார்வர்டின் அந்தத் தட்டு, ஓர் ஆற்றின் அளவில்.

புது மருந்து வராதா என்றால், வருகிறது, மெதுவாக. சென்னையின் ஆர்கிட் ஃபார்மா கண்டறிந்த என்மெடாசோபாக்டம், செஃபெபைமோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெருமைப்படலாம். ஆனால் வாரக்கணக்கில் மட்டும் உண்ணும் மருந்தில், அதுவும் பத்திரமாகப் பூட்டிவைக்கவேண்டிய மருந்தில், சர்க்கரை மாத்திரையில் வருகிற லாபம் வராது. பெரிய நிறுவனங்கள் பல இந்தத் துறையை விட்டுப் போய்விட்டன. கிருமியின் வேகத்துக்கு ஆராய்ச்சிக்கூடம் ஈடுகொடுக்காது.

ஆகவே தொற்றே வராமல் பார்ப்பதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. 2024இல் 'லான்செட்' வெளியிட்ட கட்டுரைத் தொடர் ஒரு கணக்குப் போட்டது. மருத்துவமனைகளில் கைச்சுத்தமும் கருவிச் சுத்தமும், ஊருக்குள் நல்ல தண்ணீரும் கழிப்பறையும், குழந்தைகளுக்கு உரிய தடுப்பூசிகளும் இருந்தால், ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் மருந்துக்கு மசியாத தொற்றோடு தொடர்புடைய சாவுகளில் ஆண்டுக்கு 7.5 லட்சத்தைத் தவிர்க்கலாம். இதில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நம் நகரங்களில் பலவற்றில் குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாளோ, அதைவிடத் தள்ளியோ வருகிறது. வராத நேரத்தில் குழாய் காலி, உள்ளே அழுத்தமில்லை. பக்கத்தில் சாக்கடை ஓடி, குழாயில் ஒரு விரிசலும் இருந்தால் அழுக்குநீர் உள்ளே கசிந்துவிடும். தண்ணீர் விட்டதும் வரும் முதல் குடம் கலங்கலாக இருப்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம். வீட்டில் செய்யக்கூடியது, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, மூடி, கைவிட்டு மொள்ளாமல் குடிப்பது. வார்டு கவுன்சிலரிடம் கேட்கக்கூடியது, தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்பது. அதைச் சோதிக்கும் கருவி சிறியது, நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கை அடுத்தது. கழிப்பறையிலிருந்து வந்ததும், சமைக்கும் முன்பும், குழந்தைக்கு ஊட்டும் முன்பும் சோப்புப் போட்டு இருபது விநாடி. பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது இதை இரட்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். நம் வழக்கத்தில் அது திருவிழா. அத்தையும் சித்தியும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி முத்தம் கொடுப்பார்கள். பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் சேனை வைப்பார். அன்பில் குறையில்லை. ஆனால் பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் தொற்று ஏறினால், இன்றைக்கு மருத்துவர்கள் முதலில் தொடும் மருந்துகள் பல கேட்பதில்லை. சேனையைத் தாய்ப்பாலுக்கு விட்டுக்கொடுங்கள். பார்க்கப் போகிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்து ஆசீர்வதியுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஆன்டிபயாட்டிக் சிரப்பைத் தேடி ஓடுவதும் நம்மிடம் உண்டு. அதில் பெரும்பகுதி வைரஸால் வருவது. வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும். 1971 வங்கதேசப் போரில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை வாய்வழி கொடுத்தே 30 சதவீதமாக இருந்த சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மலத்தில் ரத்தம் போனாலோ, குழந்தை துவண்டாலோ, சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ உடனே மருத்துவமனை.

மருந்தை எடுத்துத்தான் ஆகவேண்டிய நேரமும் வரும். அப்போது தயங்கவும் கூடாது. பாக்டீரியா நிமோனியாவுக்கும் ரத்தத் தொற்றுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. டாக்டர் எழுதிய அளவு, எழுதிய நாள்வரை உண்ணுங்கள். பல தொற்றுகளுக்கு முன்பு பத்து நாள் எழுதியதை இப்போது ஐந்து நாளாகக் குறைத்திருக்கிறார்கள், ஆய்வுகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. அந்த முடிவு டாக்டருடையது. காசநோயில் ஒருநாளும் குறைக்கக் கூடாது. மிச்ச மாத்திரையை அலமாரியில் வைத்து அடுத்த ஜுரத்துக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்காதீர்கள்.

அடுத்த தடவை மாத்திரை அட்டையைக் கையில் வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. வலுவான ஆன்டிபயாட்டிக்குகள் பல 2014 மார்ச்சிலிருந்து எச்-1 அட்டவணையில் இருக்கின்றன. அவற்றை விற்றால் கடைக்காரர் நோயாளி பெயரோடு பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "இது வைரஸா, பாக்டீரியாவா டாக்டர்? ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்னால் கல்ச்சர் எடுக்கவேண்டுமா?" வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், டைபாய்டு தடுப்பூசி போட்டாயிற்றா என்று இன்று மாலையே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். போடவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.